கோமாரியில் எடுத்த இசைத்தட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. கல்முனை பஸார் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, சைக்கிள் டியூப் ஒட்டத் தொடங்கினேன். அந்தச் சாக்கு கடையானது. கடையோடு ஒலிபெருக்கிச் செட் வாடகைக்கு விடும் தொழிலும் வளர்ந்தது. கல்யாணம், சுன்னத்து, பந்து விளையாட்டு, எந்தக் கட்சியின் தேர்தல் கூட்டமானாலும் சரி, சாய்ந்தமருது தொடக்கம் மருதமுனை வரைக்கும் என் புனல்கள்தான் கத்தின. யுத்தக் காலத்தில் கடை எரிந்தது. திரும்பக் கட்டினேன். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் கடையும் செட்டும் நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை இசைத்தட்டுகளும் போயின. திரும்பவும் கட்டினேன். இந்த மணலில் மாடி நிற்காது என்று சொன்னவர்களுக்கு முன்னால் மாடி வைத்து வீடு கட்டினேன். பள்ளிவாசலுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்ததும் நான்தான். யாரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரியது அந்த மாடியில் இருந்த அறை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அது வெறும் அறை. சுவரில் புதுப் பெயின்ட் மணக்கிறது.

கடல் கொண்டுபோன தட்டுகளுக்குப் பதில் வேறு தட்டுகள் தேடப் புறப்பட்டபோது, எனக்குப் பைத்தியம் என்று என் மனைவி முடிவெடுத்துவிட்டாள். மற்றவர்கள் தகரம் தேடினார்கள், சீமெந்து தேடினார்கள். நானும் தேடினேன், அதோடு சேர்த்துப் பாட்டையும் தேடினேன். சினிமாப் பாட்டுத் தட்டுகள், கசெட்டுகள், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், சுவரொட்டிகள், நடிகைகளின் படம் போட்ட பழைய கலண்டர்கள். எங்கே கிடைக்கும் என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பராஅத் மாதம் பிறந்தால் நோன்புக்கு முன் எங்கள் ஊர்களில் வீடு வீடாகக் கழுவி வெள்ளையடிப்பார்கள். பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடப்பவை எல்லாம் வாசலுக்கு வரும். பழைய இரும்பு வாங்குகிறவரின் லொறி ஒழுங்கைக்குள் நுழைய முந்தி நான் மோட்டார் சைக்கிளில் நுழைந்துவிடுவேன்.

அந்த ஓட்டத்தின் ருசி அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். ஈரச் சாக்குக்குள் கை விடுவேன். விரலுக்குப் போத்தல் படும், செருப்புப் படும், உடைந்த கோப்பை படும். பிறகு திடீரென்று தட்டின் விளிம்பு படும். அது மெல்லியதா கனமா என்று விரல் சொல்லும். நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். முகத்தில் காட்டக்கூடாது. காட்டினால் வீட்டுக்காரர் உஷாராகிவிடுவார். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்ப்பேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மழைத் தண்ணீரில் கழுவி, பலமுறை துவைத்த மருதமுனைச் சாரன் துணியால் கோட்டின் போக்கிலேயே துடைப்பேன். குறுக்கே துடைத்தால் தட்டுக்குச் சேதம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று மட்டும் வேறு. மருதமுனையில் கைத்தறி நெய்துகொண்டிருந்த ஒரு மனிதர், என் இளமையில், கொழும்புக்குப் போய் இரண்டு பாட்டுப் பாடி ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டார். ஒரு பக்கம் மெதுவான ஒரு காதல் பாட்டு, மறுபக்கம் எங்கள் கடற்கரையைப் பற்றிய பாட்டு. எங்கள் பேச்சின் சாயலோடு ஒரு குரல் தட்டில் வந்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். என் கல்யாணத்தில் அது பாடியது. என்னிடமிருந்த பிரதியைக் கடல் கொண்டுபோனது. பாடியவரும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். அவர் வீட்டிலும் ஒன்று மிஞ்சவில்லை.

வருடக்கணக்காகத் தேடினேன். கடைசியில் கோமாரியில், ஒரு மீன்காரர் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றபோது கண்டேன். அந்த வீட்டம்மா மண்கூசாவில் இருந்து தண்ணீர் வார்த்தார். கூசாவை மூடியிருந்தது அந்தத் தட்டு.

"தங்கச்சி, இந்த மூடிய எனக்குத் தருவீங்களா?"

"மூடியையா? தண்ணிக்குள்ள பூச்சி விழுமே அண்ணன்."

பொத்துவில் சந்தைக்கு ஓடி ஒரு சில்வர் மூடி வாங்கி வந்து கொடுத்தேன். அவர் என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கட ஊரில எல்லாரும் இப்படியா?" என்று கேட்டார். தட்டைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கல்முனை வரை வந்தேன். நீர்ப்பட்டு லேபிள் மங்கியிருந்தது. குரல் மங்கவில்லை. அன்றைக்குப் பிறகு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் என் மாடியறையில் ஆட்கள் கூடினார்கள். போனில் பதிந்து தரச் சொன்னார்கள். நான் விடவில்லை. கேட்க ஆசையிருந்தால் படியேறி வந்து, உட்கார்ந்து கேட்கட்டும் என்றேன். இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் ஒருவருக்காவது பதிந்து கொடுத்திருக்கலாமே என்றும் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குக் கல்யாணமானால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மகளின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாடியும் சேர்த்துத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். சபையில் அப்படி ஒரு கேள்வியா? எனக்கு ரோஷம் ஏறிவிட்டது. "மாடியென்ன, வீட்டுக்குள்ள இருக்கிற ஊசிகூட என்ட மகளுக்குத்தான்!" என்றேன். அன்றைக்கு நான் நிமிர்ந்த நிமிர்வை இப்போதும் சொல்வார்கள். நானும் மனைவியும் வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை போட்டு மாறினோம். மாடியறைப் பூட்டின் திறப்பு மட்டும் என் இடுப்பில் இருந்தது.

இந்த வருடம் பராஅத் மாதத்தில் பள்ளிவாசல் ஜமாஅத்தோடு வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தால் மாடியறைக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஏணியும் பெயின்ட் வாளியும். நான் கீழே இறங்கினேனா விழுந்தேனா என்று தெரியாது. மருமகன் முன்கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மருமகன், மேல இருந்த என்ட சாமான் எங்க?"

"அதா மாமா? கறையான் புடிச்சிரிந்திச்சு. நோன்புக்கு வெள்ளையடிக்கோணும் எண்டு இரும்புக்காரரக் கூப்பிட்டு ஏத்தி உட்டுட்டன்."

"ஆரக் கேட்டு ஏத்தின?"

"ஆரக் கேக்கிற மாமா? நீங்கதானே சபையில சொன்ன, ஊசிகூட மகளுக்கு எண்டு. அவதான் மத்தத் திறப்பத் தந்த."

மகள் கதவோரம் நின்றாள். "வாப்பா, புள்ளைக்கு ஒரு அறை வேணுமே வாப்பா. நீங்க இப்ப பாட்டுக் கேக்கிறதும் கொறவுதானே," என்றாள். அவள் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. பின்வளவிலிருந்து என் மனைவி, "ஊசி போனாப் பறவாயில்ல, இவர்ர வாயத்தான் ஏத்தி அனுப்பியிரிக்கோணும்," என்றாள்.

வாக்குக் கொடுத்தேன், சாட்சிக்கு ஊரே இருந்தது. உடுத்த உடுப்போடு பஸ் ஏறினேன்.

இரும்புக்காரரின் வளவு அக்கரைப்பற்றில். தகரக் குவியலுக்கு நடுவில் அவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வாசலில் அவரை முந்தியிருக்கிறேன்.

"வாங்க ஹாஜியார். ஒரு மாதிரி உங்கட சாமானுக்கே நான் முந்திட்டன்," என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "சொல்லியிரிந்தா வெச்சிரிப்பனே. தட்டு முழுக்க அறுகம்பேயில விடுதி வெச்சிரிக்கிற ஒராள் கொண்டு போயிட்டார். கசெட்டு நசிஞ்சு போச்சு. பேப்பரெல்லாம் நிறுவையில போச்சு."

"அந்தப் பேப்பர் ஆர்ட்ட?"

அவர் சந்தியின் பக்கம் கையைக் காட்டினார்.

பஸ் சந்தியில் கடலை வண்டியொன்று நின்றது. வண்டிக்காரர் ஒரு தாளைச் சுருட்டி, அடியை மடித்து, அவித்துத் தாளித்த கடலையைப் போட்டு ஒரு பிள்ளையிடம் கொடுத்தார். அந்தச் சுருளில் நான் அக்கரைப்பற்றுத் தையல்கடை ஒன்றின் மேசைக்கு அடியிலிருந்து எடுத்த பாட்டுப் புத்தகத்தின் அட்டை இருந்தது. நடிகையின் கண் ஒன்று சுருளுக்கு வெளியே தெரிந்தது. எண்ணெய் ஊறியிருந்தது.

"தம்பி, எனக்குச் சுருள் மட்டும் தாங்க. கடல வேணாம்."

"கடல இல்லாம சுருளா? பல்லு இல்லையா காக்கா, மா மாதிரித்தான் அவிச்சிரிக்கன்."

"இந்தத் தாள் கட்டு முழுக்க வேணும்."

"தாளத் தந்திட்டு நான் கடலயக் கையிலயா அள்ளிக் குடுக்கிற?"

பக்கத்துக் கடையில் பழைய பத்திரிகைக் கட்டொன்று வாங்கிக் கொடுத்து, மிச்சமிருந்த தாள்களை மாற்றி எடுத்தேன். எந்தப் புத்தகமும் முழுதாக இல்லை. பாட்டுக்குத் தொடக்கம் இருந்தால் முடிவில்லை. பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு தெற்கே போனேன். கோமாரியைக் கடக்கும்போது அந்தக் கூசா வீட்டுப் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த அம்மாவின் மூடியாகவே இருந்திருந்தால் அந்தத் தட்டு இன்றைக்கும் உயிரோடு இருக்கும் என்று நினைத்தேன்.

அறுகம்பேயில் அந்த விடுதியைக் கண்டுபிடிக்கச் சுணங்கவில்லை. கிடுகுக் கூரை, மணலில் மேசைகள், சுவரில் சாய்த்த அலைச்சறுக்குப் பலகைகள். ஒவ்வொரு மேசையிலும் கறுப்பாக ஒரு கிண்ணம், அதற்குள் வறுத்த கச்சான் கடலை. ஒரு கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன். கச்சான் மணலில் கொட்டியது. கிண்ணத்தின் அடியில் லேபிள் இருந்தது. என் தட்டுகளைச் சுடவைத்து வளைத்துக் கிண்ணம் செய்திருக்கிறார்கள். மேசை மேசையாகப் போனேன். ஒவ்வொன்றையும் எந்த வாசலில் எடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி வந்தார். பொத்துவிலைச் சேர்ந்தவர், மகன் வயதுக்காரர், மரியாதையானவர். "ஹாஜியார், இரிங்க. இளநி வெட்டச் சொல்லவா?"

"சின்னத் தட்டு ஒண்டு. லேபிள் மங்கினது. அத என்ன செஞ்ச மனே?"

அவர் முகம் மலர்ந்தது. "அதுவா? அது ஸ்பெஷல்," என்று உள்சுவரைக் காட்டினார்.

மணிக்கூடு ஆக்கியிருந்தார்கள். நடுத்துவாரத்தில் முட்கள். சுற்றிவரச் செம்பு இலக்கங்கள், கோடுகளின் மேலேயே பசை வைத்து ஒட்டியவை. நகத்தால் ஒன்றை நெம்பிப் பார்த்தேன். பசை கோட்டுக்குள் இறங்கி இறுகியிருந்தது. இலக்கத்தைக் கழற்றினால் குரலும் சேர்ந்து உரியும். இனி எந்த ஊசியும் அதில் ஓடாது. முன்பு தட்டுச் சுழலும், ஊசி ஓரிடத்தில் நிற்கும். இப்போது தட்டு நின்றது, முள் சுழன்றது. நெய்தவரின் பாட்டு அந்தச் சுவரில் வாய் ஒட்டப்பட்டுக் கிடந்தது.

அதன் கீழே ஒரு மரப்பலகையில் இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. இளநீர் கொண்டு வந்தவரிடம் கேட்டேன். அவர் முதலாளியைப் பார்த்துவிட்டுத் தயங்கி வாசித்தார்: "எங்கட மூத்தவாப்பா சேர்த்த இசைத்தட்டுகள் எண்டு போட்டிரிக்கி."

"உங்கட மூத்தவாப்பாவா? உங்கட வாப்பாட வாப்பாவா?" என்றேன்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "வெள்ளக்காரனுக்குக் கத வேணும் ஹாஜியார். எல்லாரும் அதுக்கு முன்னால நிண்டு படம் எடுக்கிற. உங்களுக்கு அது வேணுமெண்டா வேற மணிக்கூடு வாங்கிட்டு இதக் கழட்டித் தாறன்."

வந்த வழியெல்லாம் அந்தச் சொல்லுக்காகத்தான் மன்றாடிக்கொண்டு வந்தேன். அது கிடைத்தபோது என் கை நீளவில்லை. எதை வாங்கிக்கொண்டு போவது? மாடியறையில் யாரை உட்கார வைத்து எதைக் கேட்கச் சொல்வது? கதிரையை இழுத்து அந்த மணிக்கூட்டுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. கடல் கொண்டுபோனபோது நான் அழவில்லை. திரும்பத் தேடலாம் என்ற திமிர் அப்போது இருந்தது. இப்போது கால் வீங்குகிறது. தேடுவதற்கு இன்னொரு கூசாவும் கோமாரியில் இல்லை.

பிறகு முதலாளியிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மருமகனும் வாசிக்கட்டும், வெள்ளிக்கிழமைகளில் என் படியேறி வந்து கேட்டவர்களும் வாசிக்கட்டும். தட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகையைக் கழற்றுங்கள். இதைப் பாடியவர் மருதமுனையில் தறி நெய்தவர் என்று முதல் வரியில் எழுதுங்கள். இதையும் இந்தக் கிண்ணங்கள் அத்தனையையும் கடலுக்குப் பின், வாசல் வாசலாகத் தேடிச் சேர்த்தவர் கல்முனையில் சைக்கிள் டியூப் ஒட்டியவர் என்று இரண்டாவது வரியில் எழுதுங்கள். இங்கிலீசில் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். தமிழை நான் வந்து வாசித்துப் பார்ப்பேன்.