கவரிங் என்று சொன்னேன்

மகன் தூங்கும் நேரத்தில்தான் என் படிப்பு. பிள்ளைப்பேற்றோடு இடையில் விட்ட வரலாற்றுப் பட்டத்தை முடிக்கவேண்டுமென்று பகுதி நேரமாகச் சேர்ந்திருந்தேன். அந்த வாரக் கட்டுரை, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எசமானர் வீட்டில் திருடிப் பிடிபட்ட வேலைக்காரர்களைப் பற்றியது. பொருளின் விலை ஓர் அளவைத் தாண்டினால் தூக்கு. அதனால் ஜூரிமார் இரக்கப்பட்டு, வேண்டுமென்றே விலையைக் குறைத்துத் தீர்ப்புச் சொல்வார்களாம். பறிகொடுத்த எசமானிகளே சிலவேளை அந்த வேலைக்காரருக்காக மன்னிப்புக் கேட்டு அரசருக்கு மனுப் போடுவார்களாம். நல்ல சனங்கள் என்று நினைத்து, அந்த வரிகளுக்கு மஞ்சள் அடித்தேன்.

மறுநாள் மகன், அவனைப் பகலில் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அன்ரியின் கைப்பையை இழுத்துக் கொட்டினான். சீப்பு, பஸ் காட், தலையிடிக் குளிசை. நடுவில், அவனுக்கு முதற்பல் முளைத்தபோது செய்த பல்லுக்கொழுக்கட்டைக்கு வந்த பவுன் மோதிரம். அன்ரி அடுப்படியில் அவனுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தார். நான் நேரே போய்க் கேட்டிருக்க வேண்டும். நானோ எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டேன், மோதிரத்தையும் சேர்த்து. இவர் போய்விட்டால் மகன் யாரிடம் சாப்பிடுவான்?

பின்னேரம், மகன் தூங்கியபிறகு, எங்களோடு இருக்கும் மாமி, என் கணவரின் தாய், அலுமாரியைத் திறந்தார்.

“பிள்ளை, பெடியன்ர மோதிரத்தைக் காணேல்லை. பொலிசுக்குப் போன் அடிப்பமோ?”

அடுப்படியில் கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

“பிக்கரிங்கால வந்த மோதிரமோ மாமி? அது கவரிங்தானே.”

மாமியின் முகம் மாறியது. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருப்பது அவருடைய சொந்தத் தங்கை; மோதிரம் போட்டதும் அவர்தான்.

“கவரிங்கோ! அவளின்ர பேத்திக்கு நான் பவுனில காப்பெல்லோ போட்டனான்! இரும், இப்பவே கேக்கிறன்.”

“வேண்டாம் மாமி, பாவம்.”

“பாவமோ? பவுன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவள்!”

போன் காதுக்குப் போய்விட்டது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரை மாட்டிவிட்டேன். ஜூரிமாருக்கு இந்தச் சிக்கல் வந்திராது. அவர்களுக்குப் பிக்கரிங்கில் சொந்தக்காரர் இல்லை.

அன்ரி ஈரக்கையோடு வந்து, பையைத் திறந்து, மோதிரத்தை மேசையில் வைத்தார்.

“அக்கா, போனை வையுங்கோ. உது நல்ல பவுன். நான்தான் எடுத்தனான். வாடகைக்கு அடைவு வைச்சிட்டு, பிறகு மீட்டு வைப்பம் எண்டு...”

போனுக்குள் தங்கை “ஹலோ, ஹலோ” என்றுகொண்டிருந்தார்.

“ஒண்டுமில்லையடி, சும்மா எடுத்தனான்,” என்று மாமி வைத்தார். பிறகு மோதிரத்தை எடுத்துத் தன் சின்னி விரலில் போட்டுப் பார்த்தார். நகத்தைத் தாண்டவில்லை.

“கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டமோ?”

அன்ரி கைப்பையை இழுத்து மூடினார்.

“நாளைக்கு வேளைக்கு வாரும். நான் முழங்காலுக்கு டொக்டரிட்டைப் போகோணும். இவனுக்குப் பின்னால ஓட, படிக்கிற இவவுக்கும் ஏலாது.”

“ஓம் அக்கா. வாறன்.”

மன்னிப்பா, முழங்கால் வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்ரி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டதும் மாமி என் பக்கம் திரும்பினார்.

“உமக்கு முதலே தெரியும், என்ன?”

“ஓம் மாமி.”

“அவவைக் காப்பாத்தினது சரி. அதுக்கு என்ர தங்கச்சிதானோ கிடைச்சவள்?”

நல்லவேளை, மேலே மகன் எழும்பி அழுதான்.