அக்கா பிரித்தெடுத்த இலைகள்

எங்கள் அக்கா ஏழாலைச் செம்மண்ணில் பிறந்தவர். ஐந்து பேரில் மூத்தவர். தாதியாகப் படித்து ரொறன்ரோவுக்கு வந்து, தம் உழைப்பால் எங்கள் எல்லோரையும் கரைசேர்த்தவர். அதெல்லாம் நீங்கள் அறிந்ததே. அறியாத ஒன்றைத் தம்பி நான் சொல்கிறேன்.

எழுபத்திரண்டாம் ஆண்டில் அக்காவும் அத்தானும் நகருக்கு வடக்கே ஒரு பழைய பண்ணைவீட்டை வாங்கினார்கள். அக்காவுக்குத் தோட்டம் வேண்டும். அத்தானுக்கோ அபார்ட்மென்டே போதும். "ஒரு வருசம் பாப்பம். விளைச்சல் இல்லையெண்டா வித்துப்போட்டுப் போவம்" என்பது அத்தானின் நிபந்தனை.

இலையுதிர் காலம் வந்தது. அயலவர்கள் விறகு அடுக்கினார்கள், யன்னல்களுக்கு இரண்டாம் கண்ணாடி பூட்டினார்கள், கொட்டிய இலைகளைக் கூட்டி எரித்தார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உவ்வளவு குழையையும் ஆரும் கொளுத்துவினமே?" என்று, ஊரில் உரத்துக்குக் குழை தாழ்ப்பதுபோல வளவில் கிடந்த இலை முழுவதையும் பாத்திகளில் புதைப்பித்தார். மண்வெட்டி பிடித்தவன், அவர்களோடு இருந்த அடியேன்தான்.

அடுத்த கோடையில் தக்காளியும் கத்தரியும் முழங்கால் உயரம் வந்து, ஒரே கிழமையில் வாடிச் செத்தன. பக்கத்துப் பண்ணைக் கிழவர் வந்து பார்த்து, எங்கள் கிணற்றடி மரத்தைக் காட்டிச் சிரித்தார். அது கறுப்பு வால்நட். அதன் இலையும் கோதும் தக்காளிக்கும் கத்தரிக்கும் நஞ்சாம். ஐயோ, நாங்கள் பாடுபட்டுப் புதைத்தது நஞ்சை!

அத்தான் வீட்டை விற்க ஆள் பேசிவிட்டார். "இஞ்சேருங்கோ, மண்ணிலை பிழையில்லை, என்னிலைதான் பிழை. இன்னும் ஒரு வருசம் தாங்கோ" என்றார் அக்கா. தமக்கென்று அவர் ஒன்றைக் கேட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அந்த ஒக்ரோபர் முழுவதும், ஆஸ்பத்திரிக் கடமை முடிந்த கையோடு, மரத்துக்கு எட்டத் தள்ளி வெட்டிய புதுப் பாத்தியருகே குந்தி, புதைக்க மேப்பிள் இலை ஒருபக்கம், எறிய வால்நட் மறுபக்கம் என்று கையால் பிரித்தார். "அக்கா, விசரே உங்களுக்கு?" என்று கேட்டேன். "வாயை மூடிக்கொண்டு பொறுக்கடா" என்றார்.

மறுகோடையில் காய்த்ததே ஒரு காய்ப்பு! சிரித்த கிழவரே கூடையோடு வந்து நின்றார். அத்தான் விற்கிற கதையைப் பிறகு எடுக்கவேயில்லை. என் அக்கா வென்ற வீடு அது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

போன புரட்டாதியில் அக்கா எங்களை விட்டுப் போனார். மூன்று மாத நோயில் முறைவைத்துக் காவலிருந்த அவரது சகதாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்களுக்கும், குளிருக்கு முன் எங்கள் விறகை அடுக்கித் தந்த அந்தக் கிழவருக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். இங்கே தமிழ் அச்சுக்கூடம் இல்லாததால் என் கோணல் கையெழுத்தையே பிரதி எடுத்துத் தருகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா போன அடுத்த மாதம், அத்தான் தனியே, அக்கா வருசாவருசம் பிரிக்கும் இலைக்குவியலின் முன் குந்தியிருந்தார். "விடுங்கோ அத்தான், நான் செய்யிறன்" என்றேன்.

"உனக்குச் சரியாப் பிரிக்கத் தெரியாது. அவ ஏசுவா" என்றார்.

இன்று அக்காவின் முதல் ஆட்டைத் திவசத்தில் உங்கள் தட்டில் வைக்கும் கத்தரிக்காய்க் கறி, அத்தான் பிரித்துப் புதைத்த அந்தப் பாத்தியில் விளைந்தது. மிச்சம் வையாமல் சாப்பிட்டுப் போங்கள்.