அக்காவுக்கு முதல் இடம்

அன்று மதியம் லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நானும் என் கணவரும் மட்டும். மடிக்கணினித் திரையில் ரொறன்ரோவிலிருந்து ஏழு பேர்: என் தம்பி, அவனோடு ஒரே கிடங்கில் லொறி ஓட்டும் ஆறு தமிழ்ப் பெடியள். பெடியள் என்றாலும் எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

அவர்கள் வருடாவருடம் பேஸ்போலில் ஒரு கற்பனைப் போட்டி நடத்துகிறார்கள். நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுத்து, ஆளுக்கொரு அணி சேர்ப்பது; ஒருவர் எடுத்தவரை மற்றவர் எடுக்க முடியாது. அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் அடிப்பதும் ஓடுவதும் நமக்குப் புள்ளிகளாக வரும். அந்த முறை எட்டாவது ஆள் கிடைக்காமல் தம்பி என்னைச் சேர்த்துவிட்டான். கடைசியாக வரும் அணி மறு வருடம் வெளியே. மறு வருடம் சேர வேறு ஆட்கள் கேட்டிருந்தார்கள்.

எனக்கு அதுதான் பயம். அதுவரை தம்பி செத்தவீட்டுச் செய்திக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டுமே போன் எடுப்பான். போட்டியில் சேர்ந்த பிறகு ஆட்டம் சொல்லித்தர ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தான். நான் கடைசியாக வந்தால் அந்த ஞாயிறும் போய்விடும்.

முதல் சுற்றில் ஒன்றாம் இடத்திலிருந்து எட்டாம் இடம் வரை ஆளுக்கொருவரை எடுப்பார்கள்; அடுத்த சுற்று எட்டிலிருந்து திரும்பி வரும். "எட்டாம் இடத்தைக் கேள் அக்கா," என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். "ரெண்டு பேரை ஒண்டா எடுக்கலாம். முதல் ஆளைப் பிழையா எடுத்திட்டன் எண்டு நீ கிடந்து யோசிக்கவும் தேவையில்லை."

இடத்தை அவரவர் கேட்டு எடுப்பது அவர்கள் வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் சொன்னார்: "அக்கா இருக்கேக்கை நாங்கள் முதல் எடுக்கிறது சரியில்லை."

"இல்லைத் தம்பி, நீங்கள் எடுங்கோ. எனக்குக் கடைசி காணும்."

"கடைசியோ? அக்காவை விட்டிட்டு நாங்கள் அள்ளிக்கொண்டு போனதெண்டு ஊர் கதைக்கும்," என்றார் இன்னொருவர்.

இன்னொரு தடவை மறுத்தால் மரியாதை இல்லை என்று பட்டது. சரி என்றேன். திரையில் தம்பி நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

முதல் இடத்துக்கு நான் ஆயத்தமே செய்யவில்லை. பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள் நான். பதிலுக்குக் காத்திருக்கும் முகங்கள் வரிசையாகத் தெரிந்தால் இன்றைக்கும் தெரிந்த பதிலும் மறந்துவிடும். கணவர் காதோரம் குனிந்தார். "இஞ்சை பாரும், விக்கெட் கீப்பர் ஒருத்தனை எடும். நல்லா அடிக்கவும் தெரிஞ்சவனெண்டால் தங்கம்."

கிரிக்கெட்டில் அது சரி. பேஸ்போலில் அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவனைக் கேட்சர் என்பார்கள். நன்றாக அடிக்கும் கேட்சர் ஒருவனின் பெயரைச் சொன்னேன்.

"அக்கா," என்றான் தம்பி, "குந்திக் குந்தி அவங்களுக்கு முழங்கால் போயிடும். கிழமையில ரெண்டு நாள் வெளியில இருத்திப்போடுவினம். ஆடாதவனுக்குப் புள்ளி வராது."

"அண்ணை மெல்லமாச் சொன்னது இஞ்சை வடிவாக் கேட்டது," என்றார் ஒருவர் என் கணவரைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

என் அடுத்த முறை வருவதற்குள் பதினான்கு ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள். கணவரைத் தேத்தண்ணி போட அனுப்பினேன். கவலைப்பட நேரம் கிடைத்தது; அதில் எனக்கு நல்ல பழக்கம். இவன் போனால் அவன், அவனும் போனால் மற்றவன் என்று மனதுக்குள் ஒவ்வொருவருக்கும் பதில் ஆள் வைத்துக்கொண்டிருந்தேன். முறை வந்தபோதுதான் விளங்கியது: இரண்டாம் சுற்றின் கடைசியும் மூன்றாம் சுற்றின் முதலும் என்னுடையவை. முதலில் நிற்பவருக்கும் இரண்டு பேர் ஒன்றாக வருவார்கள். ஒரு நாளும் ஓய்வெடுக்காத இருவரை எடுத்தேன்.

அந்த இருவர்தான் கோடை முழுக்க என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். கேட்சரைத் திட்டவென்றே தம்பி ஞாயிறு தவறாமல் எடுத்தான். பேச்சு அங்கிருந்து அவனுடைய முதுகுநோவுக்கும் என் வேலைக்கும் போய்விடும். செப்டெம்பர் முடிவில் நான் ஏழாவதாக வந்தேன்.

மறு ஞாயிறும் எடுத்தான். "வாற வருசப் போட்டிக்குக் கட்டுற காசு சேர்த்தாச்சு. உன்ரையையும் நான் போட்டிட்டன். இனி விலக ஏலாது."

"அனுப்பிவிடுறன்."

"வேண்டாம். இஞ்சை வரேக்கை கையில தா."

நான் இன்னும் ரொறன்ரோ போகவில்லை. அவனுக்குக் கொடுக்கவேண்டியது ஐம்பது கனேடிய டொலர்.