மாதாவின் கன்னத்து ஒளி

என் மேசைமீது ஒரு கறுப்பு வெள்ளை நிழற்படம் இருக்கிறது. இறந்த மகனை மடியில் கிடத்திய வியாகுல மாதாவின் மரச்சிற்பம்; ஊர்காவற்றுறையில் பழைய தேவாலயம் ஒன்றில் நான் எடுத்தது. படத்தின் மூன்று ஓரங்கள் நேரானவை; இடப்புற ஓரம் மட்டும் சற்றே கோணல். அதனைக் கத்தரித்தவன் நானே.

தொண்ணூறாம் ஆண்டு, தீவுகளில் போர் நெருங்கிக்கொண்டிருந்த காலம். மின்சாரம் நின்றுபோயிருந்தது, கமராவின் மின்னொளிக்கு மின்கலமும் கிடையாது. சைவனாயினும் சிற்பங்களைப் பற்றி எழுதிவந்த நான், அழியுமுன் அதனைப் பதிவுசெய்துவிட வேண்டுமென்று வேலணையிலிருந்து மிதிவண்டியில் போயிருந்தேன். உள்ளே நண்பகலிலும் இருள். வலப்புறக் கதவைத் திறந்தபோது மாதாவின் ஒரு பாதி மட்டுமே துலங்கிற்று. மறு கன்னம் நிழலில் அமிழ்ந்து கிடந்தது.

கோயிலைப் பராமரித்துவந்த மூப்பர் என் தவிப்பைச் சற்று நேரம் பார்த்திருந்தார். பிறகு, வெளுத்து மடித்து வைத்திருந்த பீடவிரிப்பு ஒன்றை எடுத்துவந்து சிற்பத்தின் இடப்புறம் நின்று நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தார். கதவொளி துணியிற் பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்தைத் தொட்டது. இரண்டு நிமிடம் அசையக்கூடாது என்றேன்.

"கெதியா எடும், மாஸ்டர். மாதா அசையமாட்டா. நான்தான் அசைஞ்சு போடுவன்," என்று சிரித்தார்.

அவர் அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் படத்தைக் கழுவி எடுத்தபோது, துணிக்கு மேலே அவருடைய முகம், நரைத்த மீசையின் மயிர்கூடத் தெளிவாக, விழுந்திருந்தது. சிற்பத்தைப் பற்றிய கட்டுரைக்கு அம்முகம் மாசு என எனக்குப் பட்டது. வெட்டி எறிந்தேன். சில வாரங்களில் தீவின்மீது எறிகணைகள் விழத் தொடங்கின. மக்கள் வள்ளங்களில் கரைகடந்தனர். மாதாவுக்கு விளக்கேற்ற ஆள் வேண்டுமென்று மூப்பர் நின்றுவிட்டார். அதன்பின் அவரைக் கண்டவர் எவருமில்லை.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தபோது, படச்சுருள்கள் அங்கே நான் குடியிருந்த வீட்டு அலுமாரியோடு எரிந்துபோயின. கைப்பையில் இந்த ஒரு படம் மட்டும் எஞ்சியது. சாவகச்சேரியில் நான் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு மூப்பரின் மகள் என்னைத் தேடி வந்தாள்.

"ஐயாவின்ரை படம் ஒண்டும் எங்களிட்டை இல்லை, மாஸ்டர். வள்ளத்திலை வரேக்குள்ளை எல்லாம் விட்டிட்டு வந்தனாங்கள். 'மாஸ்டர் என்னையும் சேர்த்துத்தான் படம் பிடிச்சவர்' எண்டு ஐயா எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவர்."

படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதிலை ஐயா எங்கை நிக்கிறார்?"

வெட்டிவிட்டேன் என்பதை மறைக்காது சொன்னேன். சொன்ன பிறகும் வாளாவிருக்க இயலாமல், படத்தின் இடப்புறம் தெரிந்த மாதாவின் கன்னத்தைச் சுட்டிக்காட்டி, "இந்த வெளிச்சம் உம்முடைய ஐயா பிடிச்சது, பிள்ளை," என்றேன்.

"ஓம் மாஸ்டர், வெளிச்சம் இருக்கு. முகம் இல்லையே."

அவள் கோபிக்கவில்லை. படத்தை இரு கைகளாலும் என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.

என் அறைக்கு வருவோர் இன்று அந்த ஒளியின் நயத்தைப் புகழ்கின்றனர். கோணலான அந்த ஓரத்தைக் கூர்ந்து நோக்கினால், என் கத்தரிக்கோலுக்குத் தப்பிய பீடவிரிப்பின் வெண்மை, நூலளவு, இன்னும் தெரிகிறது.