ஐந்தாவது போர்ட்டில் யார்?

போன வாரம் ஆயுத பூஜைக்கு உங்கள் வீட்டில் எதையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தீர்கள்? சைக்கிள், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மணை... எங்கள் கம்பெனியில் சர்வர் ரூமுக்கே பொட்டு வைத்துவிட்டார்கள். அதன் பலன் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து சேர்ந்தது.

கம்பெனி கப்பலூரில். பிளாஸ்டிக் வாளி, குடம், டப் செய்கிற ஃபாக்டரி. அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. நான் இருப்பதோ ஒத்தக்கடையில். மதுரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு பஸ் மாறிப் போக வேண்டும். மகள் பிறப்பதற்கு முன்னால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது அவள் தொட்டிலில் இருக்கிறாள். வீட்டுக்காரர் வாத்தியார், காலையிலேயே கிளம்பிவிடுவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது.

வேலையை விட்டுவிடலாமா? எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. இந்த வேலை எனக்குப் பிடிக்கும் — பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பிடிக்கும். மேனேஜரிடம் போய் நின்றேன். பிள்ளை கொஞ்சம் வளரும்வரை வீட்டிலிருந்தே பார்க்கிறேன், அதற்கு ஒரு பெட்டி மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் கன்சோல் மேனேஜர். பார்க்க டிவிடி பிளேயர் மாதிரி இருக்கும். முதுகில் வரிசையாக போர்ட்டுகள். ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரு கேபிள் கிளம்பும். ஒன்று ரூட்டருக்கு, ஒன்று கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்சுக்கு, ஒன்று சர்வருக்கு, ஒன்று யுபிஎஸ்ஸுக்கு, ஒன்று ஃபாக்டரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு. நான் வீட்டிலிருந்து மோடம் வழியாக அந்தப் பெட்டிக்கு டயல் செய்து, போர்ட் நம்பரைக் கொடுத்தால் போதும். அந்த மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரிதான். நெட்வொர்க்கே படுத்துவிட்டாலும் கவலை இல்லை, இது தனி டெலிபோன் லைனில் போகிறது.

மேனேஜர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி மேடம், வாங்கிருவோம். ஆனா ஒரு தடவ இது காலை வாரிருச்சுன்னா, நீங்க பழையபடி இங்க வந்துறணும். அதுக்கப்புறம் பேச்சு இல்ல."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

பூஜை முடிந்து, விஜயதசமி விடுமுறையும் முடிந்து, ஃபாக்டரி திறந்த காலை. பிள்ளைக்குப் பால் கொடுத்து அப்போதுதான் தொட்டிலில் போட்டிருந்தேன். செல்போன் அடித்தது. மேனேஜர்.

"மேடம், டவுன் ஆபீஸ் கனெக்சன் வரல. பில் போட முடியல. லோடு ஏத்தி லாரி நிக்குது. டிரைவர் வந்து வந்து மொறைச்சுட்டுப் போறாரு. நீங்க ஒரு ஆட்டோவப் புடிச்சு வந்துருங்களேன்."

"கொஞ்சம் டைம் குடுங்க சார். இங்கருந்தே பாக்குறேன்."

"பாருங்க, பாருங்க" என்றார். அந்த இரண்டாவது 'பாருங்க' எனக்குப் பிடிக்கவில்லை.

டயல் செய்தேன். மோடம் வழக்கம்போல் கீச்சிட்டு அடங்கியது. பிள்ளை புரண்டு படுத்தாள், விழிக்கவில்லை. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் முதல் போர்ட்டைத் திறந்தேன். அதில்தான் ரூட்டர் — டவுன் ஆபீசோடு எங்களை இணைக்கிற பெட்டி.

என்டர் தட்டினேன். திரை முழுக்கக் கிறுக்கல். எழுத்தா, எறும்பா என்று தெரியாத ஒரு கூட்டம்.

ரூட்டர் புகைந்தேவிட்டதா? அப்படியானால் ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். இன்றைக்கு மட்டும் அல்ல... தினமும்.

இரண்டாவது போர்ட்டைத் திறந்தேன். அது ஸ்விட்ச். அதையாவது ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். என்டர் தட்டியதும் திரையில் வந்த பெயரைப் பார்த்தேன். ஸ்விட்ச் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்! பார்க்காமல் கை வைத்திருந்தால் ஃபாக்டரியில் இருக்கிற அத்தனை போனும் செத்திருக்கும்.

எலக்ட்ரீஷியன் பாண்டி அண்ணனுக்கு செல்போனில் அடித்தேன். சர்வர் ரூம் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"பாண்டி அண்ணே, பூஜைக்கு அந்தப் பெட்டியத் தொட்டீங்களா?"

"தொடாம எப்புடி மேடம்? கரண்ட்ட அமத்திட்டு, ஒயர எல்லாம் கழட்டி, தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வச்சு, திருப்பி மாட்டிட்டேன். உங்க பொட்டிக்கு மாலையும் போட்டோம்ல."

"எந்த ஒயர் எந்த ஓட்டைல இருந்துச்சோ, அதே ஓட்டைலயா மாட்டுனீங்க?"

"எல்லா முனையும் ஒண்ணு போலதான மேடம் இருக்கு? முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணு கெடந்து சிக்கிக் கெடந்துச்சு. இப்ப நீளம் பாத்து வரிசையா மாட்டிருக்கேன். பாக்க அம்புட்டு அழகா இருக்கு."

"குங்குமம் ஓட்டைக்குள்ள..."

"அம்புட்டு வெவரம் கெட்டவனா நானு?" என்றார் பாண்டி அண்ணன், உண்மையாகவே வருத்தத்துடன். "இப்ப வேணா எல்லாத்தையும் உருவிட்டு மாத்தி மாட்டவா?"

"வேணாம்ணே. கிட்டவே போகாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

கோபம் வந்ததா? வந்தது. ஆனால் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டதால் எதையும் ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. கேபிள் மாறியதுதான் பிரச்சினை என்றால், எதுவும் புகையவில்லை என்றுதானே அர்த்தம்?

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை நம்பரை நம்பவில்லை. ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்து, என்டர் தட்டி, யார் நீ என்று பார்த்தேன். முதல் போர்ட்டின் கிறுக்கல் — அது யுபிஎஸ். அது மெதுவாகப் பேசுகிற ஜாதி, ரூட்டருக்கான வேகத்தில் கேட்டதால் உளறலாகத் தெரிந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்ததும் தெளிவாகப் பேசியது. மூன்றாவதில் சர்வர், அது மட்டும் சொந்த இடத்திலேயே இருந்தது. நான்காவதில், வேகத்தைக் கூட்டியதும், ஸ்விட்ச்.

ஐந்தாவதில் நம்ம ரூட்டர். கரண்ட்டை அணைத்துப் போட்டபோது முழுசாக எழுந்திருக்காமல், பாதி வழியில் நின்று, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பூஜை அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. விடுமுறையில் பதில் சொல்ல யார் இருந்தார்கள்? கிளம்பு என்று ஒரே ஒரு வார்த்தை டைப் செய்தேன். வரிவரியாக எழுந்து வந்து, தன் பெயரைச் சொல்லி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ரூட்டருக்காகக் கண் கலங்கியவள் மதுரை வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம்மில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? எதிர்முனையில் யார் என்றே பார்க்காமல், போனை எடுத்த வேகத்தில் பொரிந்து தள்ளுவது. கணவர் வந்திருப்பார் என்று நினைத்து, கதவைத் திறந்துகொண்டே திட்டுவது — நிற்பது பக்கத்து வீட்டுக்காரர். மறுமுனை உளறுகிறது என்று நாமே முடிவு கட்டுவது. நாம் கேட்கிற வேகம் தப்பாக இருக்கலாம் என்று மட்டும் நமக்குத் தோன்றுவதே இல்லை.

பாண்டி அண்ணனின் வரிசையை நான் மாற்றவில்லை. அவ்வளவு ஆசையாக அடுக்கியிருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும். பெட்டிக்குள் போர்ட்டுகளின் பெயர்களையும் வேகங்களையும் அவர் மாட்டியபடியே மாற்றி எழுதிவிட்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவருக்கு நானே போன் செய்வதாக உத்தேசம்.

வேலை முடிந்து மேனேஜருக்குப் போன் போட்டால், எனக்கு முன்னால் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பில் வந்துருச்சு மேடம். லாரி கெளம்பிருச்சு. நீங்க எங்க, பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்துட்டீங்களா?"

"வீட்லதான் சார் இருக்கேன். பிள்ள தூங்குது."

"வீட்லயா?" அவர் குரல் இறங்கியது. கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி. நீங்க அங்கனயே இருந்து பாருங்க மேடம். பிள்ள நடக்குற வரைக்கும் இருங்க. நான் முதலாளிட்ட சொல்லிக்கிறேன்."

தேங்க்ஸ் சார் என்று சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"வெள்ளிக்கெழம மீட்டிங் இருக்குல்ல, அதுக்கும் நீங்க அலைய வேணாம். அந்தப் பொட்டி வழியாவே வந்து கலந்துக்கிருங்க."

மீட்டிங்கில் அவர் எந்த போர்ட்டில் உட்காருவார் என்றுதான் சொல்லவில்லை.