மலைக்கு எதிர்ச்சுற்று

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. நகராட்சித் தேர்தலை மனதில் வைத்து ஊரிலுள்ள எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லாச் சாவுக்கும் போய் வந்த மனுஷர், பாவம். மறுநாள் காலையில் தெளிந்துவிட்டார். அம்மாதான் வேட்பாளர் என்று அவரே முடிவு செய்து, அவரே போட்டோக்காரரைக் கூட்டிவந்து, அம்மாவைக் கைகூப்பி நிற்கவைத்தார். சுவரொட்டியில் அம்மா தபால்தலை அளவுக்கு இருந்தாள், அப்பா ஆள் உயரத்துக்கு இருந்தார். சின்னம் சீப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கவுன்சிலர் மகள் ஆகப்போகிறேனே! நாலாம் வகுப்பு முழுக்கச் சீப்பைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவின் முகம் மட்டும் தொங்கிக் கிடந்தது. அவள் மகளிர் குழுத் தலைவி. எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அப்பாவின் கூட்டாளி ஒருவருக்கு எங்கள் ஏரியில் ஒரு பக்கத்தைத் தூர்த்து லாட்ஜ் கட்ட ஆசை. அந்த ஏரித் தண்ணீரில்தான் அம்மாவின் பிறந்த வீட்டு நிலம் விளைந்துகொண்டிருந்தது.

“அண்ணி மட்டும் ஜெயிச்சி வரட்டும், ஏரி நம்மளுதுதான்” என்று அவர் எங்கள் வீட்டுக் காபியை உறிஞ்சுவார்.

“என்னா ஏதுன்னு படிச்சிப் பாத்துட்டுத்தாங்க கையெழுத்து போடுவேன்” என்றாள் அம்மா.

“நீ போடு, போதும். படிக்கறத நான் பாத்துக்கறேன்” என்றார் அப்பா. கூட்டாளி சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

ஓட்டுப்போடுவதற்கு முந்தின வாரம் பௌர்ணமி. கிரிவலப் பாதை எங்கள் வார்டு வழியாகத்தான் போகிறது. வந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் சென்னையும் ஆந்திராவும். எங்கள் வார்டில் ஓட்டுள்ள ஜனமெல்லாம் பாதையோரம் கடைபோட்டு உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அவ்வளவு தலைகளைப் பார்த்ததும் அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை.

“கூட்டத்தோட நடந்துகினே எல்லாரையும் கும்புடு” என்றார்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “கூட்டத்தோட போனா என் முதுகுதாங்க தெரியும். எதிர்ல இருந்து வந்தா எல்லாரும் மொகத்தப் பாப்பாங்க.”

“பாத்தியா! உங்கம்மாவுக்கு அரசியல் வந்துடுச்சி!” என்று அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர், ஒருமுறைகூடக் கிரிவலம் போகாமல் மலையைப் பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிற ஆசாமி. அம்மா பிறந்தது அடி அண்ணாமலையில். அவள் நடக்கக் கற்றதே அந்தப் பாதையில்தான்.

சாயங்காலம் புறப்பட்டோம். எல்லோரும் மலையை வலப்பக்கம் வைத்து வந்துகொண்டிருக்க, நாங்கள் மட்டும் இடப்பக்கம் வைத்துப் போனோம். முன்னால் அம்மா, அடுத்து சீப்போடு நான், பின்னால் அப்பா.

பூக்கட்டும் அக்கா கையிலிருந்த சரத்தை அப்படியே போட்டுவிட்டாள். “அய்யய்யோ, என்னாம்மா இது? சாவுக்குத்தான் இப்படிச் சுத்துவாங்க. திரும்பும்மா!”

அம்மா அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தாள். இளநீர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொரிக்கடையில் யாரோ காறித் துப்பினார்கள். “போதும் திரும்பு, போதும் திரும்பு” என்று அப்பா பின்னாலிருந்து கெஞ்சினார். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை போலும். வார்டு முடிகிற இடம்வரை போய்விட்டுத்தான் நின்றாள்.

தோற்றோம். டெபாசிட்டும் போயிற்று. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். கூட்டாளி அதற்கப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. நான் அழுது தீர்த்தேன். அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் என்று நினைத்து அழுதுகொண்டே தின்றேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு முழு மலையையும் முறைப்படி வலம் வந்தாள். வழியிலிருந்த ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பொறுத்துக்கோ சாமி, எனக்கு வேற வழி தெரியல” என்றாள். கண்ணில் நீர் வழிந்தது.

தேர்தலில் தோற்றதற்கா இவ்வளவு மன்னிப்பு? எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாகிவிட்டது. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதம்மா, அடுத்த வாட்டி கண்டிப்பா ஜெயிச்சிடலாம்” என்று தேற்றினேன்.