இசக்கிசெல்வி நாலு அறை என்றாள்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் முதன்முதலில் ஹோம்ஸ்டே போர்டு மாட்டியவள் இசக்கிசெல்வி. பக்கத்து வீட்டுக்காரி நான், உள்ளதைச் சொல்கிறேன்: உழைப்புக்கு அஞ்சாதவள், வாய்தான் கொஞ்சம் நீளம். புருஷன் தோப்பும்படியில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டு விஷயத்தில் வாயே திறக்கமாட்டான். வீடு, மாமனார் முத்துராமலிங்கம் கட்டியது. காலமெல்லாம் முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டி ஓய்வு பெற்ற மனுஷர். மாடியில் மூன்று அறை விருந்தாளிகளுக்கு. கீழே வாசலை ஒட்டிய அறை அவருக்கு. இவளும் புருஷனும் அடுக்களைப் பக்கத்துச் சாய்ப்பில் படுத்துக்கொள்வார்கள்.

முன்பெல்லாம் ஃபோனில்தான் புக்கிங். ஆள் கூடிப்போனால் என் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். 2009இல் எர்ணாகுளத்திலிருந்து அனீஷ் என்பவன் வந்து கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் போட்டான். அறைகளை அதில் ஏற்றிவிட்டால் போதுமாம், புக்கிங் சைட்டுகள் எல்லாவற்றுக்கும் அதுவே சொல்லிவிடுமாம். ஒன்றில் அறை போனால் மற்றதில் தானாக மூடிக்கொள்ளுமாம்.

வீட்டில் எத்தனை அறை என்று கேட்டான். அடுக்களைச் சாய்ப்பை விட்டுவிட்டு இவள் நாலு என்றாள். மாமனார் அறையையும் ஏன் சேர்க்கிறாய் என்று நான் கேட்டேன்.

"உசிரோட இருக்க மனுஷனோட அறைய கணக்குல விடலாமாக்கா? நல்லாவா இருக்கும்?"

இங்கே பிழைக்க வந்த எங்கள் தமிழ் ஆட்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. யார் வந்து கேட்டாலும், உயிரோடு இருக்கிற ஒருத்தரை விட்டுவிட்டுக் கணக்குச் சொல்ல நாக்கு வராது. அவன் கேட்டது விற்கிற கணக்கு என்று அவளுக்கு உறைக்கவில்லை. கேள்வி கேட்ட எனக்கு மட்டும் முழுசாய் உறைத்ததா என்ன! அனீஷ் நாலையும் இணைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த வருஷம் டிசம்பர் கடைசி, ஊரில் புத்தாண்டுக் கார்னிவல் நேரம். மாடி நிறைந்திருந்தது. சாயங்காலம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பெட்டியோடு வந்து நின்றார்கள். சைட்டில் நாலாவது அறை அவர்களுக்கு உறுதியாகியிருந்தது. என் வீட்டிலும் பாய் விரிக்க இடமில்லை. திருப்பி அனுப்பினால் சைட்டில் கண்டபடி எழுதுவார்கள், அப்புறம் எவன் வருவான் என்று இசக்கிசெல்வி நடுங்கிப்போனாள். மாமனார் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். அவர் பாயை மாடிப்படிக்கு அடியில் விரித்தாள். ஒரே ஒரு ராத்திரிதான் மாமா என்றாள். அவரும் சரி என்று தலையாட்டினார்.

தண்ணீர் கேட்டு வெளியே வந்த அந்தப் பெண், படிக்கு அடியில் இருமிக்கொண்டிருந்தவரைப் பார்த்து யார் என்று இசக்கிசெல்வியிடம் கேட்டாள். மாமனார் என்று சொல்ல இவளுக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. வீட்டுப் பெரியவரைக் கிளப்பிவிட்டுத்தான் உன்னைப் படுக்கவைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வாள்?

"வாட்ச்மேன்," என்றாள்.

அந்தச் சொல் யாருக்குத்தான் புரியாது? தலையணை கொடுக்கப் போன நான் கூசிப்போய் நின்றேன். இசக்கிசெல்விக்கு முகம் செத்துப்போயிற்று. கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் தம்பதி கிளம்பினார்கள். முத்துராமலிங்கம் தன் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கேட்டைத் திறந்தார், பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார், விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். குத்திக்காட்டுவதற்காக இல்லை. மருமகள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான். எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆட்டோ போனதும் இசக்கிசெல்வி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"தப்பாப் போச்சு மாமா. உள்ள வாங்க, கட்டில ஒழிச்சுட்டேன்."

அவர் மாடி ஜன்னல்களைப் பார்த்தார்.

"மேல ஆளுங்க இருக்காங்கல்ல மோளே," என்றார் மெதுவாக. "அவங்க போற வரைக்கும் நான் இங்கனயே நிக்கேன்."